மூலையில் பிளந்த கோழி கிரேட்: பிபி, எச்டி கலவை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பல்லடம் பக்கம் கிரேட் மோல்டிங் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் நடந்தது இது. பண்ணையிலிருந்து கறிக்கோழியை லாரியில் ஏற்றிப்போகிற பிளாஸ்டிக் கிரேட்தான் அவர்களுடைய முக்கியச் சரக்கு. பல வருடமாக எச்டி (அடர்த்தி கூடிய பாலிஎத்திலின்) ரீபிராசஸ் குருணையில், அதாவது பழைய பிளாஸ்டிக்கை அரைத்து மறுபடி உருக்கி எடுத்த குருணையில் ஓட்டியவர்களுக்குப் பெரிய புகார் எதுவும் வந்ததில்லை. எச்டி ஸ்கிராப் விலை ஏறிக் கிடைப்பதும் குறைந்தபோது, பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்த தீவனச் சாக்குக் குருணையை, அதாவது பிபி (பாலிபுரொப்பிலின்) சாக்கை அரைத்து உருக்கி இழுத்து வெட்டியதை, எச்டியோடு ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து ஓட்ட ஆரம்பித்தார்கள். கிரேட் பார்க்க நன்றாகவே வந்தது. பளபளப்பு கூடியிருந்தது, கையால் அழுத்திப் பார்த்தால் முன்னைவிட விறைப்பாக இருந்தது, எடையும் ஒரு கிரேடுக்கு கொஞ்சம் குறைந்ததால் ஓனருக்குத் திருப்தி. இழுவைப் பலம் பார்த்த ரிப்போர்ட்டும் சரியாகவே இருந்தது.

சரக்கு பண்ணைக்குப் போன கொஞ்ச நாளிலேயே உடைந்த கிரேட் திரும்பி வர ஆரம்பித்தது. கறிக்கோழியைப் பெரும்பாலும் ராத்திரியில்தான் பிடித்து ஏற்றுவார்கள், வெயிலில் ஏற்றினால் கோழி தாங்காது. லோடுமேன்கள் காலி கிரேடை லாரி மேலிருந்து கீழே போடுவதும், நிரம்பிய கிரேடை அடுக்கில் தட்டி ஏற்றுவதும் இந்தத் தொழிலில் சாதாரணம், அதைத் தாங்காத கிரேட் கிரேடே இல்லை. உடைந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி உடைந்திருந்தன. அடிமூலையில் ஒரு வெடிப்பு, அப்புறம் மேல்கதவின் கீல் மாட்டும் காதில் ஒரு வெடிப்பு. பழைய எச்டி கிரேட் அடி வாங்கினால் நசுங்கும், வெளுக்கும், வளையும், ஆனால் சட்டென்று இப்படித் தெறிக்காது. புதியதில் வெளுப்பு என்பதே இல்லாமல் நேராகப் பிளந்திருந்தது. ஊசி மூக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், அதாவது உருகிய சரக்கு அச்சுக்குள் நுழையும் கேட் இருந்த இடத்தில், உடைந்த விளிம்பை நகத்தால் நெம்பினால் வாழை மட்டை உரிகிற மாதிரி ஏடு ஏடாக வந்தது. என்னைப் பொறுத்தவரை அங்கேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் வெயிலில் வயதாகி உடைந்தால் நொறுங்கும், தூள் விழும். ஏடாக உரிகிறது என்றால் உள்ளே ஒட்டாத இரண்டு சரக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஓனர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஏனுங்க, பிபியும் எச்டியும் ரெண்டுமே கார்பன், ஹைட்ரஜன் தவிர ஒண்ணுமில்லாத சரக்குதானுங்களே, தண்ணியில போட்டா ரெண்டும் மிதக்குது, எரிச்சா ரெண்டும் மெழுகு வாசம் வருது, அப்புறம் எப்பிடீங்க ஒட்டாம போகும்?" ரீபிராசஸ் தொழிலில் இருக்கிற நிறையப் பேர் இதையேதான் நம்புகிறார்கள். பிவிசியைப் பிபியில் கலக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், பெட் பாட்டிலைக் கலக்கக்கூடாது என்றும் தெரியும். பிபி, எச்டி விஷயத்தில்தான் ஒரே குடும்பம் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஏன் கலப்பதில்லை

சர்க்கரை தண்ணீரில் கரைவதற்கு ஒரு பெரிய காரணம், சின்னச் சின்ன மூலக்கூறுகள் கலைந்து பரவும்போது அவை நிற்கக்கூடிய அமைப்புகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடுவது. இந்த ஆதாயம்தான் கலவையைச் சேர்த்து வைக்கிறது. பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. கட்டிப்போட்ட கண்ணிகள் தனித்தனியாகக் கலைய முடியாது என்பதால் அந்த ஆதாயம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அப்போது இரண்டு சரக்குக்கும் இடையே ஒரு துளி ஒவ்வாமை இருந்தாலே பிரிந்துவிடும். 1940களின் தொடக்கத்தில் ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான் (பாலிமர் துறையில் செய்த வேலைக்காக ஃப்ளோரிக்கு 1974இல் வேதியியல் நோபல் கிடைத்தது). பிபியில் ஒன்றுவிட்ட கார்பனில் ஒரு மெத்தில் கிளை தொங்குகிறது, எச்டியில் கிளை ஏறக்குறைய இல்லை. இவ்வளவு சின்ன வித்தியாசமே போதும். உருகிய நிலையிலேயே இரண்டும் பிரிந்து, குறைவாக இருப்பது துளித்துளியாக மற்றதுக்குள் மிதக்கும். ஆறும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் படிகமாகிச் சுருங்கும், இடையில் இருக்கிற எல்லையில் இந்தப் பக்கச் சங்கிலி அந்தப் பக்கம் போய்ப் பின்னிக்கொள்கிற ஆழமே கிடைப்பதில்லை.

அடி விழும்போது விரிசல் இந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. இழுவைப் பலம் என்கிற அளவு மட்டும் ஏன் ஏமாற்றியது என்பதும் இதிலிருந்தே புரியும். மெதுவாக இழுக்கிற சோதனையில் முதல் சில சதவீத நீட்சிக்குள்ளேயே உச்ச பலம் வந்துவிடும், அந்த அளவுக்கு ஒட்டாத கலவையும் தாங்கும், விறைப்பான பிபி உள்ளே இருப்பதால் எண் கூடுதலாகக்கூட வரும். நல்ல எச்டி துண்டு அதன் பிறகும் கழுத்து மாதிரி ஒடுங்கிப் பல நூறு சதவீதம் நீளும், கலவைத் துண்டு உச்சத்தைத் தொட்டதும் பட்டென்று அறும். ஆகவே கலவைச் சரக்குக்கு ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் முறியும்போது எவ்வளவு நீண்டது, வெட்டு போட்ட துண்டில் ஐசாட் (ஊசல் சுத்தியலால் அடித்து உடைக்கும் சோதனை) அடி எவ்வளவு தாங்கியது என்ற இரண்டு வரியைக் கேட்டு வாங்குங்கள், பலத்தை மட்டும் காட்டுகிற ரிப்போர்ட் ரொம்பவும் அரைகுறை. துண்டை மோல்டிங்கிலிருந்து எடுத்த சூட்டோடு சோதிக்கவும் கூடாது, 23 டிகிரியில் குறைந்தது 40 மணி நேரம் வைத்திருந்து சோதிப்பதுதான் வழக்கம். ஆறிய பிறகும் படிகமாவது தொடர்ந்து நடப்பதால் அன்றைய எண்ணும் இரண்டு நாள் கழித்து வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

சாக்குக்குள் என்ன இருந்தது

மருந்து தேடுவதற்கு முன் பையில் இருப்பது என்னவென்று தெரியவேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். குடோனில் சாக்கு பிரிக்கிற அக்கா ஒருவர் கையால் கசக்கிப் பார்த்தே பிபி சாக்கையும் எச்டி சாக்கையும் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பிபி மொறுமொறுவென்று சத்தம் போடும், எச்டி கொஞ்சம் மெழுகுத்தன்மையோடு அமைதியாக மடங்கும். புதுச் சாக்குக்கு அது சரியாகவே வருகிறது, வெயில் பட்டு அழுக்கேறிய சாக்கில் அந்தக் கைக்கணக்கும் தடுமாறுகிறது. உரச் சாக்கு எச்டியிலும் வரும் பிபியிலும் வரும் என்பதால் அதில்தான் குழப்பம் அதிகம்.

தண்ணீர்த் தொட்டி இங்கே உதவாது. பிபியின் அடர்த்தி 0.90 முதல் 0.91, எச்டி 0.94 முதல் 0.96, இரண்டும் தண்ணீரில் மிதக்கும், அடியில் போவது பெட்டும் பிவிசியும் நைலானும்தான். நம்ம ஊரில் காங்கேயம் பக்கம் போனால் எங்கும் கிடைக்கிற தேங்காய் எண்ணெய் இதற்கு நன்றாக உதவும், அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.92. ஒரு டம்ளரில் எண்ணெய் ஊற்றிக் குருணையைப் போட்டுக் காற்றுக் குமிழி ஒட்டாமல் குச்சியால் கலக்கிவிட்டால் சுத்தமான பிபி மெல்ல மேலே வரும், எச்டி அடியில் உட்காரும். எல்டி (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலின்) மட்டும் 0.92ஐ ஒட்டியே இருப்பதால் எதிலும் சேராமல் நடுவில் தொங்கும்.

ஆனால் இந்த யூனிட்டின் சாக்குக் குருணை எண்ணெயிலும் மூழ்கியது. ஓனர் உடனே "பாத்தீங்களா, இது எச்டிதானுங்க" என்றார். அது எச்டி அல்ல, சுண்ணாம்பு. சாக்கு நெய்வதற்கான நாடாவை இழுக்கிறபோது விலை குறைக்கவும் நாடா பிளவாமல் இருக்கவும் கால்சியம் கார்பனேட் ஃபில்லரைச் சேர்ப்பார்கள், அதன் அடர்த்தி 2.7. பிபியில் 5 சதவீதம் ஃபில்லர் இருந்தாலே அடர்த்தி 0.936க்குப் போய்விடும், எண்ணெயில் எச்டி மாதிரியே நடிக்கும். 15 சதவீதம் போனால் தண்ணீரிலேயே மூழ்கும்.

இதற்குச் சூடுதான் சரியான பதில். எச்டி உருகுவது 130 முதல் 135 டிகிரியில், பிபி 160 முதல் 165 டிகிரியில். ஹாட்பிளேட்டை 145 டிகிரியில் நிறுத்தி, மேலே டெஃப்லான் துணி விரித்து நாடாவையும் குருணையையும் வைத்தால் எச்டி கண்ணாடி மாதிரித் தெளிந்து ஒட்டும், பிபி நாடா சுருங்கிச் சுருண்டாலும் உருகாமல் அப்படியே கிடக்கும். ஃபில்லர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. யூனிட்டிலேயே ஒரு பையன் உட்கார்ந்து ஒவ்வொரு லாட்டிலும் செய்துவிடலாம்.

லேபில் டிஎஸ்சி (சூடேற்றிக்கொண்டே போய் எந்தச் சூட்டில் உருகுகிறது என்று காட்டும் சோதனை) எடுத்தபோது 131 பக்கம் ஒரு மேடு, 162 பக்கம் ஒரு மேடு, 110க்குச் சற்று முன்பின்னாக ஒரு சின்ன வீக்கம். அந்தச் சின்ன வீக்கம் சாக்கின் உள்ளே போடுகிற எல்டி லைனர். டிஎஸ்சிக்கு எடுப்பது சில மில்லிகிராம்தான், ஒரு குருணையை எடுத்து வைத்தால் அந்தக் குருணையின் ஜாதகம் மட்டுமே வரும். ஒரு கைப்பிடியை எடுத்து உருக்கித் தாளாக அழுத்தி, மடித்து மறுபடி அழுத்தி, அதிலிருந்து துண்டு எடுத்தோம். 600 டிகிரி உலையில் எரித்து மிஞ்சிய வெள்ளைச் சாம்பலை எடை போட்டதில் ஃபில்லர் கணக்கும் கிடைத்தது. எம்எஃப்ஐ (உருகிய சரக்கு எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்கிற எண்) விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலிஎத்திலினுக்கு 190 டிகிரி, பிபிக்கு 230 டிகிரி, எடை இரண்டுக்கும் 2.16 கிலோ. விற்கிறவர் தருகிற எண் எந்தச் சூட்டில் எடுத்தது என்று கேட்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

அந்த எம்எஃப்ஐயில்தான் இரண்டாவது சிக்கல் தெரிந்தது. சாக்கு நாடாவுக்கான பிபி புதிதாக இருக்கும்போது எம்எஃப்ஐ சுமார் 3 இருக்கும், வெயிலும் மறு உருக்கலும் சேர்ந்து அதன் சங்கிலிகளை அறுத்துவிடும், அதனால் தண்ணியாக ஓடும். இவர்கள் கலந்த எச்டியில் பெரும்பகுதி ஜெர்ரிகேனும் டிரம்மும் அரைத்தது, ஊதி வார்க்கும் வகை, எம்எஃப்ஐ ஒன்றுக்கும் கீழே, மறு உருக்கலில் சில வகை எச்டி இன்னும் கெட்டியாகவும் ஆகும். இளகிய சரக்குக்குள் கெட்டிச் சரக்கைப் போட்டு எவ்வளவு அரைத்தாலும் துளி உடையாது. துளியின் கெட்டித்தன்மை சுற்றியிருக்கும் சரக்கைப்போல் ஏறக்குறைய நாலு மடங்குக்கு மேல் போய்விட்டால், சாதாரணத் தேய்ப்பு ஓட்டத்தில் துளி உருண்டுகொண்டே இருக்குமே தவிரப் பிளவாது என்பது இந்தத் துறையில் நன்றாக நிலைபெற்ற விஷயம். நீட்டி இழுக்கிற ஓட்டம் இருந்தால்தான் உடையும், ஒற்றை ஸ்குரு மெஷினில் அது குறைவு.

வேலை செய்யாத ஒரு மருந்து, வேலை செய்த ஒரு மருந்து

இதற்கு முன்பே டீலர் ஒருவர் "கம்பாட்டிபிலைசர்" என்று, அதாவது ஒட்டாத இரண்டு சரக்கைச் சேர்த்துப் பிடிக்கும் மருந்து என்று, ஒரு மூட்டை கொடுத்திருந்தார். மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிஎத்திலின். அதைச் சேர்த்தும் கிரேட் உடைந்துகொண்டுதான் இருந்தது. சரக்கில் குறை ஒன்றுமில்லை, அது வேலை செய்கிற இடம் வேறு. மாலிக் அன்ஹைட்ரைடு கைகோக்க ஒரு எதிராளி வேண்டும். நைலான் சங்கிலியின் நுனியில் இருக்கிற அமீன் அதற்குப் பொருத்தமான எதிராளி, அதனால்தான் நைலானும் பாலிஎத்திலினும் சேர்ந்த பல அடுக்கு ஃபிலிம் ஸ்கிராப்பை இந்தச் சரக்கு அருமையாகக் கட்டிவைக்கும். கண்ணாடி நார், தேங்காய் நார், மரத்தூள் இவற்றின் மேற்பரப்பிலும் பிடிக்கும், பொள்ளாச்சிப் பக்கம் நாரையும் பிபியையும் சேர்த்து ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்கு மாலிக் ஒட்டிய பிபி இல்லாமல் வேலையே ஆகாது. பிபிக்கும் எச்டிக்கும் இடையில் அமீனும் இல்லை, ஹைட்ராக்ஸிலும் இல்லை. அது போய்ப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. "கம்பாட்டிபிலைசர் இருக்குதுங்களா" என்று பொதுவாகக் கேட்டு வாங்குகிற வழக்கத்தை விட்டு, எந்த இரண்டு சரக்குக்கு நடுவே என்று சொல்லிக் கேட்கவேண்டும்.

பிபிக்கும் எச்டிக்கும் வேண்டியது, ஒரு பகுதி பாலிஎத்திலின் போலவும் இன்னொரு பகுதி பிபியோடு ஓரளவு ஒத்துப்போவதாகவும் இருக்கிற மெத்தென்ற சங்கிலி. எத்திலின், ஆக்டீன் கூட்டுப் பாலிமரை நம் ஊரில் பிஓஇ என்பார்கள். எத்திலின், புரொப்பிலின் ரப்பரும் அந்த வகைதான். அது எல்லையில் போய் உட்கார்ந்து துளியைச் சுற்றி ஒரு மெல்லிய உறையாகிறது. உறை இரண்டு காரியம் செய்கிறது. அடி விழும்போது விரிசலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது, உருகியிருக்கும்போது துளிகள் ஒன்றோடொன்று மோதித் திரும்பப் பெரிதாகச் சேராமல் தடுக்கிறது. இந்த இரண்டாவது காரியத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. குருணை போடுகிறபோது எவ்வளவு நன்றாகக் கலந்தாலும், அதே குருணை மோல்டிங் மெஷினில் மறுபடி உருகி பேரலில் காத்திருக்கிற நேரத்தில் துளிகள் சேர்ந்து பெருக்க ஆரம்பிக்கும், கலவையில் பட்ட பாடு பாதி அங்கேயே போய்விடும்.

இதைவிடச் சிறப்பான சரக்கும் இருக்கிறது. டௌ கம்பெனியின் இன்ஃபியூஸ் மாதிரியான பிளாக் கோபாலிமரில் படிகமாகிற துண்டும் ரப்பர்த் துண்டும் ஒரே சங்கிலியில் மாறி மாறி வரும். எக்ஸான் மொபிலின் விஸ்டாமேக்ஸ் பிபிப் பக்கம் சாய்ந்த எலாஸ்டோமர். 2017இல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆட்கள் எத்திலின் துண்டும் புரொப்பிலின் துண்டும் மாறி மாறி மொத்தம் நான்கு துண்டாக வரும் சங்கிலி ஒன்றைச் செய்து, எச்டி, பிபி கலவையில் ஒரு சதவீதம் சேர்த்தாலே உடையும் சரக்கு நீளும் சரக்காக மாறுவதைக் காட்டினார்கள். நினைத்தாலே ஆசையாக இருக்கிறது, ஆனால் ரீபிராசஸ் செய்கிற யூனிட் மூட்டை கணக்கில் வாங்குகிற சரக்கு இன்னும் பிஓஇதான், அதிலேயே வேலை பார்த்தோம்.

செய்தது என்ன

முதல் வேலை விகிதத்தை மாற்றியது. சரிபாதிக் கலவைதான் இருப்பதிலேயே மோசமான இடம், அங்கே எது அடிச் சரக்கு எது துளி என்றே தெரியாமல் இரண்டும் பெரிய பெரிய பட்டைகளாகப் பின்னிக்கிடக்கும். ஒன்றை எண்பது பக்கம் கொண்டுபோனால் மற்றது சின்னத் துளியாக அடங்கும். கிரேடுக்கு அடி தாங்குவதுதான் உயிர் என்பதால் எச்டியை முக்கால் பங்குக்கு மேல் வைத்துப் பிபியை 20 சதவீதத்துக்குள் நிறுத்தினோம். ஓனருக்கு இது பிடிக்கவில்லை, மலிவுச் சரக்கு குறைகிறதே என்ற கவலை. நியாயமான கவலைதான், அதனால் எச்டியின் விலையைக் குறைக்க வேறு இடம் தேடினோம். ஜெர்ரிகேன் ஸ்கிராப்பைக் குறைத்து, உடைந்து திரும்பிய பழைய எச்டி கிரேட், பால் கிரேட், கூல்டிரிங்க்ஸ் கிரேட் இவற்றை அரைத்ததை அதிகம் சேர்த்தோம். அது ஏற்கெனவே ஊசி வார்ப்பு வகைச் சரக்கு, எம்எஃப்ஐ பிபியின் அளவுக்குக் கிட்ட வருகிறது, துளி நன்றாகவே உடைகிறது. இந்த மாற்றத்துக்குச் செலவு ஏதும் இல்லை, ஆனால் மருந்தைவிட இதில் கிடைத்த பலன்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது என்பேன்.

பிஓஇ 5 சதவீதத்தில் ஆரம்பித்து 8 வரை போனோம். எட்டைத் தாண்டினால் அடி தாங்குவது கூடினாலும் விறைப்பு குறைந்து, பத்தடுக்கு அடுக்கினால் அடிக் கிரேடின் சுவர் வெளியே பிதுங்க ஆரம்பிக்கும். வெயிலில் லாரி நிற்கும்போது இன்னும் மோசம். பிஓஇ விலை புது (வர்ஜின்) எச்டியைவிட அதிகம் என்பதால் ஒரு பங்கைப் பிபிசிபி (பிபி கோபாலிமர்) ஸ்கிராப்பால் ஈடுகட்ட முடியுமா என்று பார்த்தோம். வாஷிங் மெஷின் டப், பக்கெட் மாதிரியான பிபி கோபாலிமரில் எத்திலின், புரொப்பிலின் ரப்பர் உள்ளேயே இருக்கிறது, சாக்குப் பிபியில் அது சுத்தமாக இல்லை. சாக்குப் பிபியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிபிசிபி போட்டதும் பிஓஇயை ஆறுக்கு இறக்க முடிந்தது. பழைய பேட்டரிப் பெட்டியும் பிபிசிபிதான், மலிவாகவும் கிடைக்கும், ஆனால் அதில் ஈயமும் அமிலமும் ஒட்டியிருக்கும். உயிருள்ள கோழி நிற்கிற கிரேடில், கூலிக்கு ஆட்கள் கையால் அரைக்கிற இடத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

கலப்பது எங்கே என்பது அடுத்த கேள்வி. யூனிட்டில் இருந்தது ஒற்றை ஸ்குரு மெஷின், உருக்கித் தள்ளுவதற்கு அது போதும், நுணுக்கிக் கலப்பதற்குப் போதாது. கோயம்புத்தூரில் ட்வின் ஸ்குரு வைத்து ஜாப் ஒர்க் செய்கிற இடத்துக்குச் சரக்கைத் தாட்டிவிட்டோம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஹாப்பரில் கொட்டாமல், சாக்குப் பிபி, பிபிசிபி, பிஓஇ மூன்றையும் முதலில் செறிவான குருணையாக எடுத்து, அதை மோல்டிங்கிலேயே எச்டியோடு கலக்கலாமா என்றும் பார்த்தோம். ஜாப் ஒர்க் கூலி நன்றாக மிச்சமாகும், ஆனால் மோல்டிங் மெஷினின் ஸ்குரு கலக்கிற வேலைக்கு வடிவமைத்ததில்லை, வார்த்த கிரேடில் நிறக்கோடு ஓடியது. முழுச் சரக்கையும் ட்வின் ஸ்குருவில் விட்டதுதான் ஒரே சீராக வந்தது. பேரல் சூடு 200 முதல் 220க்குள், அதற்கு மேல் போனால் பிபி இன்னும் அறுந்துபோகும். 1010, 168 என்ற இரண்டு ஆன்டிஆக்ஸிடன்ட்டும் (சூட்டில் சங்கிலி அறுவதைத் தடுப்பவை) சேர்த்தோம், ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த சரக்கில் பழைய பாதுகாப்பு தீர்ந்திருக்கும். கறுப்புக் கிரேட் என்பதால் வெயிலுக்குக் கார்பன் பிளாக் போதும், குழாய்க்குப் போடுகிற மாதிரி 2 முதல் 2.5 சதவீதம், நன்றாகப் பரவியிருந்தால் மட்டும்.

இந்த நேரத்தில் ஒரு லாட் மட்டும் தனியாகச் சொதப்பியது. கலவை அதே, மெஷின் அதே, கிரேட் மட்டும் உடைந்தது. உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெடிப்பு ஆரம்பித்த புள்ளியில் வெள்ளித் துணுக்கு ஒன்று மின்னியது. தீவனத்தோடு வருகிற வைட்டமின், மருந்துப் பிரிமிக்ஸ் பவுச்சுகள் சாக்கோடு சேர்ந்து அரைபட்டிருக்கின்றன. அந்தப் பவுச் பெட், அலுமினியம், பாலிஎத்திலின் என்று அடுக்கடுக்காக இருக்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், 220இல் அது உருகாமல் சிப்பி மாதிரி அப்படியே வந்து சுவருக்குள் உட்கார்ந்துகொண்டது. இதற்கு எந்தக் கம்பாட்டிபிலைசரும் உதவாது. பவுச்சைக் குடோனிலேயே தனியாகப் பொறுக்கச் சொன்னோம், ட்வின் ஸ்குரு வாயில் உருகலை வடிகட்டும் ஜாலியை நெருக்கமாக்கினோம், ஜாலி மாற்றுகிற இடைவெளியைக் குறைத்தோம். சாக்கு பிரிக்கிறவர்களுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூலி கூட்டிக் கொடுத்தால் இந்த வேலை ஒழுங்காக நடக்கும், இதில் மிச்சம் பிடித்து மோல்டிங்கில் இழப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அச்சையும் சும்மா விடவில்லை. அடிமூலையின் உள்பக்கம் கூர்மையாக இருந்தது, அங்கே எந்தச் சரக்கு ஊற்றினாலும் அடியின் வேகம் அந்தக் கோட்டிலேயே குவியும். கணபதிப் பக்கம் ஒரு டூல் ரூமில் கொடுத்து அந்த மூலையை வளைவாக்கினோம். கீல் காதில் இரண்டு பக்கமிருந்து வரும் உருகல் சந்திக்கிற வெல்டு கோடு சரியாகத் துளைக்கு மேலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒட்டாத கலவையில் வெல்டு கோடு ரொம்பவும் பலவீனமான இடம், துளிகள் அங்கே கோட்டுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். உருகல் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, ஊசி வேகத்தை இரண்டு கட்டமாகப் பிரித்ததில் கேட் பக்கம் ஏடு உரிவது நின்றது, வெல்டு கோடும் தேறியது. கோட்டை இடம் மாற்ற கேட்டையே மாற்றவேண்டும், அதற்கு ஓனர் இன்னும் சம்மதிக்கவில்லை.

பலன்

இழுவைச் சோதனைக்கான டம்பெல் வடிவத் துண்டு முன்பு உச்சத்தைத் தொட்டதும் அறுந்தது, இப்போது நடுவில் கழுத்து விழுந்து வெளுத்து நீண்டது. வெட்டுப் போட்ட ஐசாட் தெளிவாக ஏறியது. இழுவைப் பலம் கொஞ்சம் இறங்கியது, ரிப்போர்ட்டில் அதைப் பார்த்து ஓனர் முகம் சுருங்கினாலும், கிரேட் போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. கோழி எடைக்குச் சமமாக மணல் மூட்டை வைத்துக் கட்டி, லாரித் தளத்தின் உயரத்திலிருந்து ஒரே மூலை தரையில் படும்படி போட்டோம். ஐஸ் தண்ணீரில் ஊறவைத்தும் போட்டுப் பார்த்தோம், பிபி பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் கண்ணாடித்தன்மைக்குப் போகும் சரக்கு என்பதால் நம் ஊர் மார்கழி விடியலைவிடக் கடுமையான சோதனையாக இருக்கட்டும் என்று. மூலை நசுங்கியது, வெளுத்தது, பிளக்கவில்லை. லோடுமேன் ஒருவரையே கூப்பிட்டுப் போடச் சொன்னோம், "இப்ப பரவால்லீங்க, பழைய கிரேட்டாட்டவே இருக்குது" என்றார். பண்ணையிலிருந்து திரும்பி வருவது பழைய எச்டி காலத்து அளவுக்குக் குறைந்தது. கலவையின் விலை சுத்த எச்டி ரீபிராசஸைவிடக் குறைவாகத்தான் நிற்கிறது, ஆனால் முதலில் ஓனர் கணக்குப் போட்ட மிச்சத்தில் பாதிகூட இல்லை. அந்த முதல் கணக்கு உடைந்த கிரேடைச் சேர்க்காமல் போட்ட கணக்கு.

முடியாமல் நிற்கிற விஷயமும் உண்டு. கிரேடை ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பிறகு கிருமிநாசினியும் சோப்பும் போட்டுக் கழுவுகிறார்கள். அழுத்தத்தில் இருக்கும் பாலிஎத்திலினைச் சோப்புத் தன்மையுள்ள திரவம் மெல்ல மெல்ல விரிசல் விடவைக்கும், எச்டியில் இது பழைய பிரச்சினை. கலவையில் அது கூடுகிறதா குறைகிறதா என்பதை வெட்டுப் போட்ட வளைத்த துண்டுகளை அதே கிருமிநாசினியில் ஊறவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, இந்தக் கிரேட்கள் ஒருநாள் உடைந்து அரவைக்குத் திரும்பி வரும். கறுப்பாக, எச்டி மாதிரியே இருக்கும், தேங்காய் எண்ணெயில் போட்டாலும் எச்டி மாதிரியே மூழ்கும். யாராவது சுத்த எச்டி என்று நம்பிக் குழாய்க்கோ தண்ணீர் டேங்குக்கோ கலந்துவிட்டால் அங்கே போய் வெடிக்கும். அச்சின் அடிப்பக்கத்தில் எச்டி முத்திரை இருந்த இடத்தை அரைத்து எடுத்துவிட்டு, கலவைச் சரக்குக்கு உரிய 7 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறோம். திரும்பி வருகிற கிரேடை யூனிட்டே கிலோ விலைக்கு வாங்கித் தனியாக அரைத்து, அதே கிரேடுக்கே திரும்பப் போடுவது என்று ஓனரும் ஒத்துக்கொண்டுவிட்டார்.